காற்றில் செல்லும் முகவரி ஏடு

தொலைபேசிக்கு அருகில் ஒரு சிறு ஏட்டினை வைத்திருப்பது முன்னாளில் கடைகளிலும் இல்லங்களிலும் வழக்கமாக இருந்தது. அதன் ஓரம் படிக்கட்டுப் போல வெட்டப்பட்டு, படிதோறும் ஓர் எழுத்துப் பொறிக்கப்பட்டிருக்கும். உற்றார், மருத்துவர், பள்ளித் தலைமையாசிரியர், சரக்கு அனுப்பும் வணிகர் எனப் பலருடைய எண்களும் அதில் இடம்பெறும். ஏடு நைந்து கிழியுங்கால் ஒருவர் புதியதொன்றை வாங்கிவந்து, பழையதைப் பார்த்துப் படி எடுப்பார். அது வெறும் எழுத்து வேலை அன்று. அடிக்கப்பட்ட எண்ணை அவர் விட்டுவிடுவார். இரண்டு இடங்களில் எழுதப்பட்ட ஒரே மனிதரை ஓரிடத்தில் சேர்ப்பார். ‘சின்ன மாமா’ என்று மட்டும் எழுதப்பட்டிருப்பின், அவர் இன்னார் என்பதைத் தாமே அறிவார்.

இக்காலத்தில் அவ்வேடு கணிப்பொறிக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் புகுந்துவிட்டது. கணிப்பொறியில் தொகுத்த பெயர்களையும் எண்களையும் கம்பி எதுவும் இன்றிக் கைப்பேசிக்கு மாற்றலாம். இதனைக் ‘காற்றில் அனுப்புதல்’ என்று வழக்கில் கூறுவர். உண்மையில் இதற்கு உதவும் அலைகளுக்குக் காற்றும் வேண்டுவதில்லை. அவை வெற்றிடத்திலும் செல்லும். இச்செயலில் இரண்டு பணிகள் அடங்கியுள்ளன. செய்தியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு சேர்ப்பது ஒன்று. அனுப்பிய கருவி எப்பொருளில் அனுப்பியதோ, அப்பொருளிலேயே பெற்ற கருவி அதனை உணர்ந்துகொள்வது மற்றொன்று. முதற்பணி காண்போர்க்கு வியப்பூட்டுவது. ஆயினும் அதுவே எளியது. இரண்டாம் பணி புறத்தே தோன்றாதது. பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் நேர்கின்றன.

கம்பியின்றி முகவரிகளை அனுப்ப முதலில் பரவலாகப் பயன்பட்டது அகச்சிவப்பு ஒளி. கண்ணுக்குப் புலனாகாத இவ்வொளியைக் கொண்டு கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்குரிய விதிகளை வகுக்க, 1993ஆம் ஆண்டில் ஒரு சங்கம் நிறுவப்பட்டது. 1998இல் வெளிவந்த பாம் 3 என்னும் கையடக்கக் கருவியில் இவ்வசதி இருந்தது. இருவர் தம் கருவிகளை எதிரெதிரே நீட்டினால், ஒருவரது பெயர்ச்சீட்டு மற்றவர் கருவிக்குள் சென்று சேரும். ஆனால், ஒளிக்குரிய குறை இதற்கும் உண்டு. இடையில் ஒரு புத்தகம் நின்றாலும் செய்தி தடைபடும். கருவிகள் இரண்டும் ஏறத்தாழ ஒரு மீட்டர் தொலைவுக்குள் ஒன்றையொன்று பார்த்திருத்தல் வேண்டும்.

இக்குறையை நீக்கியது புளூடூத் என்னும் முறை. சுவீடன் நாட்டில் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் 1994ஆம் ஆண்டில் இம்முயற்சியைத் தொடங்கினர். நெதர்லாந்து நாட்டவரான யாப் ஹார்ட்சன் இதன் அடிப்படையை வகுத்தவர்களில் முதன்மையானவர். 1998இல் எரிக்சன், ஐபிஎம், இன்டெல், நோக்கியா, தோஷிபா என்னும் ஐந்து நிறுவனங்கள் ஒரு குழுவாகக் கூடின. பெயரைப் பற்றிய செய்தி சுவையானது. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்னும் மன்னனுக்கு ‘நீலப்பல்லன்’ என்ற பட்டப்பெயர் வழங்கிற்று. டென்மார்க்கையும் நார்வேயையும் ஒன்றுசேர்த்தவன் என்று அவன் போற்றப்பட்டான். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒன்றுசேர்க்கும் முறைக்கு அவன் பெயரையே தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம் என்று இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜிம் கார்டக் கூறினார். வேறு பெயர் தேடியும் ஒன்றும் அமையாமையால் தற்காலிகப் பெயரே நிலைத்துவிட்டது. அதன் சின்னமும் அம்மன்னனின் பெயரிலுள்ள முதலெழுத்துகள் இரண்டினைப் பழைய ரூனிக் வரிவடிவத்தில் இணைத்து எழுதியதேயாகும்.

புளூடூத் அலைகள் விநாடிக்கு ஏறத்தாழ 240 கோடி முறை அதிர்பவை. அவற்றின் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். இவ்வலைகளை எவரும் தனி உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம் என்பதால், இவ்விடத்தில் நெரிசல் மிகுதி. கம்பியில்லா இணையக் கருவிகள் இங்கேதான் பேசுகின்றன. சமையலறையில் வைக்கும் நுண்ணலை அடுப்பும் இதே பகுதியில்தான் இயங்குகிறது. சந்தை இரைச்சலில் இருவர் எவ்வாறு பேசிக்கொள்வது? ஓரிடத்தில் இரைச்சல் மிகுந்தால் வேறிடத்திற்கு நகர்ந்து பேசுவர் அன்றோ? புளூடூத்தும் அதையே செய்கிறது. தனக்குரிய பகுதியை அது 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு, விநாடிக்கு 1,600 முறை தடம் மாறுகிறது. ஒரு தடத்தில் இடையூறு நேர்ந்து சொல் சிதைந்தால், அடுத்த தடத்தில் அதே சொல் மீண்டும் அனுப்பப்படும். அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் ஒரே ஒழுங்கில் தாவினால்தான் உரையாடல் நடைபெறும். ஆதலின், ஒரு கருவியின் கடிகாரத்தையும் அதன் தனி எண்ணையும் கொண்டு தாவும் வரிசை கணிக்கப்படுகிறது. மற்றது அவ்வரிசையைப் பின்பற்றுகிறது.

தடம் மாறித் தாவும் இக்கருத்து புதியதன்று. 1942ஆம் ஆண்டிலேயே ஹெடி லமார் என்னும் திரைப்பட நடிகையும் ஜார்ஜ் ஆண்டைல் என்னும் இசையமைப்பாளரும் இத்தகைய ஏற்பாடு ஒன்றுக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர். கடலடி ஏவுகணையை வானொலி அலையால் செலுத்தும்போது, பகைவர் இடைமறித்துக் குழப்பாதிருத்தல் வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். பியானோவில் 88 கட்டைகள் உள்ளன. அவர்கள் எண்ணிய தடங்களும் 88. தானே இசைக்கும் பியானோவில் சுழலும் துளையிட்ட தாள்சுருளைப் போன்ற ஒன்றே தடம் மாற்றும் வேலையைச் செய்வதாக இருந்தது. அவர்களுக்கு முன்னரும் சிலர்க்கு இக்கருத்துத் தோன்றியதுண்டு. எனினும் இசைக்கருவியிலிருந்து போர்க்கருவிக்குச் சென்ற அவர்தம் வழி நினைக்கத்தக்கது.

அலைகள் சுவரையும் ஊடுருவும். ஆதலின் அண்டை வீட்டாரும் அவற்றைப் பெறக்கூடும். ஆகையால், பேசத் தொடங்குமுன் இரு கருவிகளும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளல் வேண்டும். தொடக்கத்தில் இரண்டிலும் ஒரே மறை எண்ணை உரியவரே அழுத்துவது முறையாக இருந்தது. பலர் நான்கு சுழிகளையே மறை எண்ணாக வைத்தமையால், அது பூட்டியும் பூட்டாத கதவாயிற்று. 2007இல் வந்த பதிப்பில் இது மாறியது. இரு கருவிகளும் தமக்குள் கணக்கிட்டு, ஆறு இலக்க எண் ஒன்றினைத் தத்தம் திரையில் காட்டும். இரண்டும் ஒன்றே என்பதைக் கண்ணால் கண்டு இசைவு தந்தால், அதன்பின் செல்லும் செய்தி அனைத்தும் மறைமொழியாகவே செல்லும்.

எத்துணைச் செய்தி செல்லவேண்டும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு மருந்து வணிகரின் கணிப்பொறியில் 600 பேருடைய முகவரிகள் இருப்பதாகக் கொள்க. ஒருவருக்கு 200 பைட் அளவு வேண்டும் என்று வைத்தால், மொத்தம் 1,20,000 பைட். அஃதாவது 9,60,000 பிட். முதற்பதிப்பு புளூடூத்தே ஒரு திசையில் விநாடிக்கு ஏறத்தாழ 7,23,000 பிட் வரை அனுப்ப வல்லது. எனவே, அலையின் பயணத்திற்கு இரண்டு விநாடியும் வேண்டா. எஞ்சிய நேரம் எல்லாம் கைப்பேசி அவற்றை வாங்கி, படித்து, தன் நினைவகத்தில் எழுதிக்கொள்ளச் செலவாவதே.

அவ்வாறு படிப்பதற்குப் பொதுவான ஓர் எழுத்து முறை வேண்டும். கணிப்பொறி ஒரு நிறுவனத்தது, கைப்பேசி வேறொரு நிறுவனத்தது. இது பெயர், இது வீட்டு எண், இது அலுவலக எண் என்பதை இரண்டும் ஒரே வகையில் குறித்தல் வேண்டும். இதற்காக 1995ஆம் ஆண்டில் ஆப்பிள், ஏடி அண்டு டி, ஐபிஎம், சீமென்ஸ் ஆகிய நிறுவனங்கள் கூடி வகுத்ததே வீகார்டு என்னும் மின் பெயர்ச்சீட்டு. அது மிக எளிய அமைப்பை உடையது. சீட்டு தொடங்குவதை ஒரு வரி அறிவிக்கும். முடிவதை ஒரு வரி அறிவிக்கும். இடையிலுள்ள ஒவ்வொரு வரியும் ஒரு குறிச்சொல்லால் தொடங்கும்; அதன்பின் முக்காற்புள்ளி; அதன்பின் செய்தி. இதனைக் கணிப்பொறியே அன்றி மனிதரும் திறந்து படிக்கலாம். கருவிகள் பல தலைமுறை மாறியும் இச்சீட்டு அழியாதிருப்பதற்கு இவ்வெளிமையே காரணம் எனலாம்.

எளிமை இருந்தும் இடர்கள் ஒழியவில்லை. பெயருக்கு வீகார்டு ஐந்து அறைகளை வைத்துள்ளது. குடும்பப் பெயருக்கு முதலறை, இடுபெயருக்கு இரண்டாவது, ஏனையவை இடைப்பெயருக்கும், முன்னும் பின்னும் வரும் பட்டங்களுக்கும் உரியவை. ஐரோப்பியர்க்கும் அமெரிக்கர்க்கும் இது பொருந்தும். தமிழருள் பலருக்குக் குடும்பப் பெயர் என்பதே இல்லை. தந்தையின் முதலெழுத்தும் தம் பெயருமே உண்டு. ‘சு. கண்ணன்’ என்பவரின் ‘சு’ எந்த அறைக்குச் செல்வது? ஒரு கணிப்பொறி அதனை இடுபெயர் என்று கொண்டு, கண்ணனைக் குடும்பப் பெயர் ஆக்கிவிடும். கைப்பேசியோ இடுபெயரின் அகரவரிசையில் அடுக்கும். கண்ணன் ககர வரிசையில் இராமல் சகர வரிசையில் போய் ஒளிந்துகொள்வார். முழுப்பெயரை உள்ளவாறே எழுதுவதற்கெனத் தனி வரி ஒன்றும் வீகார்டில் இருந்தது. 2011இல் வெளியான நான்காம் பதிப்பில் அம்முழுப்பெயர் வரியே கட்டாயம் ஆயிற்று. ஐந்து அறைகள் விருப்பத்திற்கு விடப்பட்டன. குடும்பப் பெயர் இல்லாத மக்களுக்கு இது செய்யத்தக்க நீதியே.

எழுத்தினால் வரும் இடர் இதனினும் பெரிது. ‘கண்ணன்’ என்பது தமிழ் இலக்கணப்படி நான்கெழுத்து. யூனிகோடு என்னும் உலகப் பொதுக்குறியீட்டிலோ புள்ளிக்குத் தனிக்குறி உண்டு. ஆகவே அச்சொல் ஆறு குறிகளால் அமையும். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் யூடிஎஃப் 8 என்னும் முறையில் மூன்று பைட் வேண்டும். ஆறு குறிகளுக்குப் பதினெட்டு. பழைய வீகார்டு ஆங்கில எழுத்துகளை மட்டுமே நம்பியிருந்தமையால், இவற்றை நேரே எழுதலாகாது. ஒவ்வொரு பைட்டையும் மூன்று ஆங்கிலக் குறிகளாக மாற்றி எழுதினர். எனவே, நான்கெழுத்துக் கண்ணன் 54 குறிகளாக நீண்டு பயணம் செய்தார். ‘மீனாட்சிசுந்தரம்’ என்னும் ஒன்பதெழுத்துப் பெயரோ 144 குறிகள் ஆகும். ஒரு வரிக்கு 76 குறிகளே வரம்பு. ஆகையால் அப்பெயரை மடித்து அடுத்த வரியில் தொடரவேண்டும். மடிப்பை அறியாத கைப்பேசி முதல் வரியோடு நின்றுவிடும். சுந்தரத்தை இழந்து மீனாட்சி மட்டும் எஞ்சுவதுண்டு. குறியீட்டு முறையையே அறியாத கைப்பேசியில் பெயரின் இடத்தில் பொருளற்ற குறிகளே தோன்றும். இவ்விடர் கருதித் தம் உறவினர் பெயர்களை எல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்தவர் பலர். நான்காம் பதிப்பில் யூடிஎஃப் 8 முறையே கட்டாயம் ஆக்கப்பட்டது.

இனி, சீட்டு பழுதின்றி வந்து சேர்ந்ததாகவே கொள்வோம். அதனைப் பெற்ற கைப்பேசி என்ன செய்தல் வேண்டும்? வெறுமனே சேர்த்துக்கொள்வது ஒரு வழி. புளூடூத் வழியே சீட்டினைத் தள்ளிவிடும் எளிய முறையில் இதுவே நிகழ்கிறது. அந்த மருந்து வணிகர் தம் 600 முகவரிகளைத் திங்களன்று ஒருமுறையும், ஐயத்தால் செவ்வாயன்று மறுமுறையும் அனுப்பினால், கைப்பேசியில் 1,200 முகவரிகள் நிற்கக்கூடும். இதனைத் தவிர்க்க வேண்டின், இரண்டு ஏடுகளையும் ஒப்பிட்டு ஒத்திசையச் செய்தல் வேண்டும்.

ஒப்பிடுதல் எளிதன்று. வணிகரின் கைப்பேசியில் ஒரு பெயர் இருக்கிறது. கணிப்பொறியில் அது இல்லை. இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. அப்பெயர் கைப்பேசியில் புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம். அவ்வாறாயின் கணிப்பொறியிலும் அதனைச் சேர்க்கவேண்டும். அல்லது, கணிப்பொறியிலிருந்து அது நீக்கப்பட்டிருக்கலாம். அவ்வாறாயின் கைப்பேசியிலிருந்தும் நீக்கவேண்டும். இரு முடிவுகளும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. இரண்டு ஏடுகளையும் எத்துணை முறை உற்று நோக்கினும் எது உண்மை என்பது விளங்காது. ஏனெனில் விடை இப்போதுள்ள ஏடுகளில் இல்லை, நடந்த வரலாற்றில் உள்ளது. ஆதலின், நீக்கப்பட்ட பெயருக்கு ஓர் அடையாளத்தை விட்டுவைக்கும் வழக்கத்தைப் பொறியியலாளர் மேற்கொண்டனர். அதனை அவர்கள் ஆங்கிலத்தில் கல்லறைக் கல் என்னும் பொருள்படும் சொல்லால் வழங்குகின்றனர்; தமிழில் நடுகல் எனலாம். இன்ன பெயர் இங்கே இருந்து மறைந்தது என்று அது அறிவிக்கும்.

வரலாற்றைக் கருத்திற்கொண்டு வகுக்கப்பட்ட பொதுவிதியே 2000ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட சிங்க்எம்எல். இம்முறையில் கணிப்பொறியும் கைப்பேசியும் கடைசியாகப் பேசிய வேளையைத் தத்தமக்குள் குறித்துவைக்கும். அடுத்த முறை சந்திக்கும்போது முதலில் அக்குறிப்புகளை ஒப்பிடும். அவை ஒத்திருந்தால் இடையில் நிகழ்ந்த மாற்றங்களை மட்டும் பரிமாறிக்கொண்டால் போதும். ஒவ்வாவிடின், முழு ஏட்டையும் வரிவரியாக ஒப்பிடவேண்டும். இதனை மெதுவான ஒத்திசைவு என்பர். இரு புறமும் ஒரே மனிதரின் எண் வெவ்வேறாக மாற்றப்பட்டிருப்பின், எது பிந்தியதோ அதைக் கொள்வோம் என்பதும் நம்பத்தக்கதன்று. மின்கலத்தைக் கழற்றி மாட்டினாலே நாளையும் நேரத்தையும் மறந்துவிடும் கைப்பேசிகள் அந்நாளில் இருந்தன. உரியவரைக் கேட்பதே அங்கு நேரிய வழி.

இம்முறைகளைப் பொதுமக்கள் கையில் கொண்டுவந்த ஏற்பாடுகளுள் ஆப்பிள் நிறுவனத்தின் ஐசிங்க் குறிப்பிடத்தக்கது. அதன் முதற்பதிப்பு 2003ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்தது. மேக் கணிப்பொறியின் முகவரி ஏட்டினைப் புளூடூத் வழியே சோனி எரிக்சன் டி68ஐ போன்ற கைப்பேசிகளுக்கு அது அனுப்பிற்று. வேலையைத் தொடங்குமுன், இத்துணைப் பெயர்கள் சேர்க்கப்படும், இத்துணை மாறும், இத்துணை நீக்கப்படும் என்று எண்களைக் காட்டி இசைவு கேட்கும் வசதி அதில் இருந்தது. சேர்க்கப்படுவன மூன்று, நீக்கப்படுவன ஐந்நூறு என்று திரையில் தோன்றினால், எவரும் கையை நிறுத்துவர் அன்றோ? அதன் சிறப்புகள் அனைத்திலும் இச்சிறு எச்சரிக்கையே உயர்ந்தது. ஒருவர் தம் தாயின் எண்ணையும் நினைவில் வைத்திராத இக்காலத்தில், அழியும் ஐந்நூறு வரிகள் ஐந்நூறு மனிதரை எட்டாத் தொலைவில் நிறுத்திவிடும். 2011இல் வந்த மேக் இயங்குதளத்தோடு ஐசிங்க் கைவிடப்பட்டது.

எண்ணை எழுதும் முறையாலும் ஒரு குழப்பம் உண்டு. இந்தியாவில் கைப்பேசி எண் பத்து இலக்கம் உடையது. அதனைச் சிலர் அவ்வாறே எழுதுவர். சிலர் முன்னே ஒரு சுழியம் சேர்ப்பர். சிலர் கூட்டற்குறியும் 91 என்னும் நாட்டெண்ணும் சேர்ப்பர். மனிதர்க்கு மூன்றும் ஒன்றே. குறிகளை மட்டும் ஒப்பிடும் கருவிக்கோ மூன்றும் வேறு. ஒருவரே மூவராகி நிற்பார். பன்னாட்டுத் தொலைபேசி விதிப்படி, நாட்டெண்ணோடு கூடிய முழு எண் பதினைந்து இலக்கத்திற்குள் அமையும். அவ்வடிவில் எழுதிய எண்ணே எந்நாட்டிலிருந்து அழைப்பினும் பயன்படும்.

இக்காலத்தில் கணிப்பொறியும் கைப்பேசியும் நேருக்கு நேர் பேசுவது குறைந்துவிட்டது. இரண்டும் தொலைவிலுள்ள ஒரு வழங்கியுடன் இணையம் வழியே பேசுகின்றன. அதற்குரிய கார்டுடாவ் என்னும் பொதுவிதி 2011இல் வகுக்கப்பட்டது. கணிப்பொறியில் திருத்திய எண் சிறிது நேரத்தில் கைப்பேசியிலும் திருந்திவிடும். நீக்கியதும் அவ்வாறே விரைந்து நீங்கிவிடும். தவறாக நீக்கினால் எல்லா இடத்திலும் ஒருங்கே அழியும் என்பது இதன் மறுபக்கம். மேலும், ஏடு இப்போது மூன்றாமவர் ஒருவரது பொறியிலும் தங்குகிறது. கைப்பேசியில் ஏற்றப்படும் செயலிகள் பலவும் அதனைப் படிக்க விரும்புகின்றன. 2012இல் வந்த ஐஓஎஸ் 6 பதிப்பும், 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 பதிப்பும் செயலி முகவரி ஏட்டைத் திறக்குமுன் கைப்பேசிக்கு உரியவரின் இசைவைக் கேட்கும்படி செய்தன. இசைவு தருபவர் ஒருவர்; ஏட்டிலுள்ள எண்களோ அவருடையன அல்ல, அவரை நம்பித் தந்த பிறருடையன. அவர்களிடம் எவரும் கேட்பதில்லை.

அந்த மருந்து வணிகர் புதிய கைப்பேசி ஒன்றை வாங்குகிறார் என்க. அவர் முதலில் செய்யத்தக்கது, கணிப்பொறியிலுள்ள 600 முகவரிகளையும் ஒரே வீகார்டுக் கோப்பாகப் படி எடுத்துத் தனியே வைப்பது. பின்னர் அனுப்புதல் வேண்டும். அனுப்பியபின் கைப்பேசியில் உள்ள எண்ணிக்கை 600 தானா என்று பார்த்தல் வேண்டும். மிகுந்திருப்பின் இரட்டித்துள்ளது, குறைந்திருப்பின் எங்கோ ஒரு சீட்டு முறிந்துள்ளது. மூன்று பெயர்களைத் திறந்து பார்ப்பதும் நன்று: தமிழில் எழுதிய நீண்ட பெயர் ஒன்று, இரண்டு மூன்று எண்களை உடையவர் ஒருவர், குறிப்பு எழுதப்பட்டவர் ஒருவர். அம்மூன்றும் முழுமையாக வந்திருப்பின் ஏனையவும் பெரும்பாலும் வந்திருக்கும். பழைய கைப்பேசியை அழிப்பது இவ்வளவும் முடிந்த பின்னரே.